இரண்டு அடி பின்னால்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பன்னிரண்டு நாள் ஐரோப்பாச் சுற்றுலாவின் கடைசி நாளில், பாரிஸ் நகரத்தின் பாதாள ரயில் நிலையத்தில் இது நடந்தது. மலேசியாவின் பினாங்கிலிருந்து நானும் என் மனைவியும் போயிருந்தோம். வேலைக்குச் சேர்ந்த எங்கள் மகள் ஆசைப்பட்டு அனுப்பி வைத்த பயணம் அது.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் குளிர் அறையில் பெட்டி அடுக்குகிறேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே கூசிப்போகிற சுபாவம். கல்யாணமான நாள் முதல் வெளியே போனால் நான் முன்னால் நடப்பேன், அவள் இரண்டு அடி பின்னால் வருவாள். என் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் நடந்தார்கள். நாங்கள் அதைப் பற்றி யோசித்ததுகூட இல்லை.

பதினொரு நாளும் அவள் எதுவும் கேட்கவில்லை. கடைசி நாள் காலையில்தான் கேட்டாள்.

"ஏங்க, அந்த ஆத்துல போட் போகுதே, ஒரு தடவ ஏறலாமா?"

"பினாங்குல இல்லாத போட்டா? பெர்ரில எத்தன தடவ போயிருக்க!"

"அதுல மீன் நாத்தம்லா," என்று சிரித்தாள்.

சரி என்றேன். மாலை ஐந்து மணிக்கு விமான நிலையத்துக்கு பஸ். அதற்குள் போய்வந்துவிடலாம் என்று தங்கும் விடுதிக்குப் பக்கத்து நிலையத்துக்குள் போனோம். டிக்கெட்டைச் செருகி நான் கதவைத் தாண்டிவிட்டேன். அவளுடைய டிக்கெட்டை இயந்திரம் ஏற்கவில்லை.

"ஏங்க! ஏங்க!"

அந்தக் குரல் நிலையம் முழுக்கக் கேட்டது. வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எப்படியும் வந்துவிடுவாள் என்று, திரும்பாமல் இன்னும் வேகமாகப் படி இறங்கினேன். ரயில் நின்றிருந்தது. ஏறிவிட்டுத்தான் திரும்பினேன். கதவு மூடிக்கொண்டது. எப்படியோ உள்ளே வந்து ஓடிவந்தவள் கண்ணாடியில் ஒரே ஒரு முறை தட்டினாள். ரயில் கிளம்பிவிட்டது.

இரண்டு பேரின் பாஸ்போர்ட்டும், விடுதியின் அட்டையும் என் பையில் இருந்தன. அவள் கைப்பேசியில் அந்த நாட்டு இணைப்பு கிடையாது. ஒன்று போதும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த ரயிலில் ஏறினேன். அது வேறு எங்கோ போனது. மறுபடி மாறினேன். ஏறிய நிலையத்தின் பெயரே தெரியாமல் ஒன்றரை மணி நேரம் பூமிக்கு அடியில் சுற்றினேன். ஒரு போலீஸ்காரப் பெண்ணிடம் "வைஃப், வைஃப்" என்றேன். அவள் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டாள். புரியவில்லை என்று தலையாட்டினேன். சுவரில் சாய்ந்து அழுதேன். யார் பார்த்தாலும் கவலையில்லாமல் நான் நின்றது வாழ்க்கையில் அன்றுதான்.

துப்புரவு வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் நின்றார்.

"அண்ணை, தமிழோ? ஏன் இப்பிடி நிண்டு அழுகிறியள்?"

யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாவற்றையும் கொட்டினேன். விடுதி அட்டையைப் பார்த்து, நான் ஏறிய நிலையத்தைக் கண்டுபிடித்தார். அங்கே போன் செய்து தேடச் சொல்லலாம் என்று அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்.

"அக்கா என்ன நிறத்தில உடுத்திருக்கிறா?"

போலீஸ்காரப் பெண் கேட்டதும் இதுவாகத்தான் இருக்கும். அப்போது பாஷை தெரியாததால் பதில் சொல்லவில்லை என்று நினைத்தேன். இப்போது என் பாஷையிலேயே கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை.

"பரவாயில்லை, படம் ஒண்டு காட்டுங்கோ."

கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போனேன். கோபுரம், மாதாகோயில், பாலம். எல்லாவற்றின் முன்னாலும் நான். எடுத்ததெல்லாம் அவள். ஒரு படத்தின் மூலையில் மட்டும் அவள் விரல் விழுந்திருந்தது. அவர் கைப்பேசியை என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பாஷை தெரியாத ஓர் அம்மா என்று மட்டும் சொல்லித் தேடச் சொன்னார்.

கிடைத்துவிட்டாள். தன் வேலையை விட்டுவிட்டு அவரே என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அலுவலகத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் போட்டிருந்தது என்னுடைய பழைய நீல ஜாக்கெட். குளிர் அறையில் நான் வருடக்கணக்காகப் போட்டுத் தேய்ந்தது. பயணத்துக்கு எனக்கு மட்டும் புதிதாக வாங்கிவிட்டு, பன்னிரண்டு நாளும் இதைத்தான் அவள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏங்க ஏங்கன்னு கத்துனேனே, கேக்கலையா?"

"கேக்கல," என்றேன்.

"அந்தச் சத்தத்துல எப்படிக் கேக்கும்? விடுங்க," என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

படகு ஏற நேரமில்லை. விமானத்தில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தூங்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனிலிருந்து பெர்ரியில் அவளைக் கூட்டிப்போனேன். ஏறுகிற பாலத்தில், அவள் முன்னால் போகட்டும் என்று நின்றேன். அவளும் நின்றாள். நான் ஒதுங்கினேன். அவளும் ஒதுங்கினாள். பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"போங்கலா, நான் பின்னாலதான இருக்கேன்," என்றாள்.

அன்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது என்று இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை. இப்போதெல்லாம் தெருவில் அவள் "ஏங்க" என்று கூப்பிடுவதே இல்லை. வேகமாக நடந்து வந்துவிடுகிறாள். அந்தக் குரலுக்காகக் காதைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு நாளும் முன்னால் நடந்துகொண்டிருக்கிறேன்.