அக்காவுக்கு வந்த காளி

அக்காவை ஜலகண்டாபுரத்தில் ஒரு நெசவாளிக்குக் கட்டிக் கொடுத்தபோது நான் சேலத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அப்பா இல்லாத வீடு. மாப்பிள்ளை குடிக்கமாட்டார், சொந்தத் தறி இருந்தது, தெருவில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர். அதற்கு மேல் விசாரிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அவர் அக்காவை அடிக்கிறார் என்பது முதல் வருடமே தெரிந்துவிட்டது. முகத்தில் அடிக்கமாட்டார், முதுகில், தோளில். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும்போது அறுந்தால் அடி. சோறு ஆறிப்போனால் அடி. அம்மா அவளிடம், "பொறுத்துக்க சாமி, ஒரு கொழந்த பொறந்தா சரியாப் போயிரும்" என்றாள். பெண் குழந்தை பிறந்தது. ஒன்றும் சரியாகவில்லை. நான் போகும்போதெல்லாம் மாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து இலை போடச் சொல்வார். நானும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

அவர்கள் தெருக் கோடியில் காளியம்மன் கோவில். சுதை உருவம். எட்டுக் கைகளிலும் ஆயுதம், பிதுங்கிய கண்கள், காலடியில் அசுரன். ஒருமுறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் அதைப் பார்த்து நின்றபோது அக்கா சொன்னாள்: "அவன் கண்ணப் பாரு சாமி, தொறந்துதான இருக்குது. அவன் சாகலை. ஆத்தா காலை எடுத்தாள்னா எந்திரிச்சுருவான்."

சுதை வேலை செய்தவன் கண்ணை மூட மறந்திருப்பான் என்று நான் சிரித்தேன்.

பங்குனி நோம்பியில் ஏரிக்கரையிலிருந்து கரகம் எடுத்து, பம்பை அடித்து அம்மனை அழைத்து வருவார்கள். கல்யாணமான மூன்றாம் வருடம் அந்தப் பம்பைச் சத்தத்தில் அக்காவுக்கு அருள் வந்தது. நான் அங்கே இல்லை. அம்மாதான் வந்து சொன்னாள். முடி அவிழ்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிப் போய் மாமாவுக்கு முன்னால் நின்றாளாம். "எம் மேல கை வெக்கறயாடா? உந் தறிய நிறுத்திப்போடுவேன்" என்றாளாம். மாமா அத்தனை பேருக்கு முன்னால் அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஐப்பசி வரைக்கும் அவர் அவளைத் தொடவில்லை. மறு வருடமும் வந்தது. அந்த வருடம் தை வரைக்கும் தாங்கியது.

இதற்குள் எனக்கு சேலத்தில் வேலை கிடைத்து, அஸ்தம்பட்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். உடன் இரண்டு ஆசிரியர்கள். மூவருமாகக் கூட்டங்களுக்குப் போவோம், புத்தகங்கள் படிப்போம். சாமி இல்லை என்று தீர்த்துவிட்டிருந்தோம். அதற்கடுத்த பங்குனிக்கு அவர்களையும் அழைத்துக்கொண்டு ஜலகண்டாபுரம் போனேன். மூடநம்பிக்கையை நேரில் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

உச்சிவெயில். கரகம் தெருவுக்குள் வந்ததும் பம்பை வேகமெடுத்தது. அக்கா ஆட ஆரம்பித்தாள். புடவை சரிய, மஞ்சள் தண்ணீர் வடிய, அவள் மாமாவை நோக்கிப் போனாள். அவர் தோளில் இருந்த துண்டை ஏற்கனவே எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்திருந்தார். என் பக்கத்தில் நின்ற நண்பர் கேட்டார், "உங்க அக்காவா?"

அவர் சிரிக்கக்கூட இல்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. பாய்ந்து போய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"போதும் நடிச்சது. ஊட்டுக்கு வாக்கா."

பம்பை நின்றுவிட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக என்னை அடையாளம் கண்டுகொண்டது. கை என் பிடியில் துவண்டது.

"வாரேன் சாமி" என்றாள், மெதுவாக.

மாமா நிமிர்ந்தார். இடுப்பில் இருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் எங்கள் மூவருக்கும் அவளே பரிமாறினாள். நான் அவளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். கிளம்பும்போது வாசலில் கேட்டாள்: "அது நடிப்பாவே இருக்கட்டும். உனக்கென்ன கொறஞ்சு போச்சு?" கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

ஆவணியில் ஒருநாள், ஜலகண்டாபுரத்துக்குத் துண்டு வாங்கப் போய்வரும் முஸ்லிம் ஜவுளி வியாபாரி ஒருவர் பள்ளிக்கூடத்து வாசலில் என்னை நிறுத்தினார். "வாத்தியாரே, உங்க அக்காவ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

போனேன். அக்காவின் இடது கன்னம் வீங்கியிருந்தது. காதில் பஞ்சு. முகத்தில் அடிக்காதவர் இப்போது முகத்திலேயே அடித்திருந்தார். தறியில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் முதல்முறையாகக் கேட்டேன்: "என்னங்க மாமா இது?"

அவர் தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தவில்லை. "நீதானப்பா சொன்னே, நடிப்புன்னு" என்றார்.

அன்றே அக்காவையும் குழந்தையையும் சேலத்துக்குக் கூட்டி வந்தேன். அந்தக் காது இனிக் கேட்காது என்றார் டாக்டர். அறையை விட்டுவிட்டு அஸ்தம்பட்டியிலேயே ஒரு சின்ன வீடு பிடித்தோம். அம்மாவும் வந்து சேர்ந்தாள்.

மறு பங்குனிக்கு அக்கா கோவிலுக்குப் போகவேண்டும் என்றாள். நானும் கூடப் போனேன். கூட்டத்தின் ஓரத்தில், கேட்கிற காதைப் பம்பைப் பக்கம் திருப்பி, கைகூப்பி நின்றாள். மாமா எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். வந்துவிடு, வந்துவிடு என்று நான் யாரைக் கூப்பிட்டேனோ தெரியாது, கூப்பிட்டேன். பம்பை அடித்து ஓய்ந்தது. வேறொரு பெண் ஆடினாள். அக்கா புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "போலாம்" என்றாள்.

அதன்பின் அவள் அந்த ஊருக்குப் போகவில்லை. மாமாவும் தேடி வரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்து பெண்ணைப் படிக்கவைத்தாள். எனக்குப் பெண் பார்த்ததும் அவள்தான்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. அவள் பெண்ணுக்கு நாமகிரிப்பேட்டையில் ஒரு வரன் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ராசிபுரம் தாண்டியதும், "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றேன்.

எந்த அன்னைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"எனக்கு வந்தது அவளா நானான்னு எனக்கே தெரியாது சாமி. அத உடு" என்றாள். பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஆனா எங் கையப் புடிச்சு நிறுத்தினயே, அந்த மாதிரி ஒரு நாளாவது அந்தாளு கையப் புடிச்சிருக்கலாம்" என்றாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சோளக்கொல்லைகள் போய்க்கொண்டிருந்தன. அவள் மடியில் இருந்த பையைப் பிரித்து, மாப்பிள்ளை வீட்டில் கொடுத்த வாழைப்பழத்தை உரித்து, பாதியை என்னிடம் நீட்டினாள்.