அரைச்சுவர்

தெரிந்தவர்களுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்றால் நமக்குக் கோபம் வருகிறது. சலுகை எப்போதும் தெரிந்தவர்கள் பக்கம் சாய்கிறதே என்ற கோபம் அது. ஆனால் ஊரார் எல்லாருக்கும் கொடுத்த சலுகையை ஒருவர் சொந்த அண்ணனுக்கு மட்டும் மறுத்தால் அதை என்னவென்று சொல்வது?

அவர் நகராட்சியில் கட்டிடங்களைச் சோதிக்கும் பொறியாளர். தூண்களைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே நடப்பதால் ஊரில் ‘சுத்தியல் மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை; அவருக்குத் தெரியாமலும் இல்லை. பெரிய மேதை என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவாக இருந்தார். பூகம்பம் வந்து நிலம் எப்போது ஆடும் என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு ஆடக்கூடும் என்று ஓரளவு சொல்லலாம். ஆடினால் எந்தத் தூண் முதலில் உடையும் என்று நன்றாகவே சொல்லலாம். அதைப் பார்த்து அவர் வாசலில் ஒரு தாள் ஒட்டுவார். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் குடியிருந்தபடியே பலப்படுத்த வேண்டும். சிவப்பு என்றால் முதலில் காலி செய்ய வேண்டும்.

அண்ணன் குடியிருந்தது ஏரியைத் தூர்த்த மண்ணில் எழுந்த நாலு மாடிக் கட்டிடம். கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்கள். ஒருநாள் சாப்பாட்டின்போது, மேலே இவ்வளவு கனம், கீழே ஒரு சுவர்கூட இல்லையே என்று இவர் போகிற போக்கில் சொல்லிவைத்தார். அண்ணன் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கேட்டவர் சும்மா இருப்பாரா? கொத்தனாரைக் கூப்பிட்டுத் தூண்களுக்கு நடுவே இடுப்பளவு சுவர் எழுப்பிவிட்டார். காற்றும் வெளிச்சமும் வர மேல்பாதியைத் திறந்து விட்டார். பெயிண்டும் அடித்தாயிற்று.

சோதனை அந்தத் தெருவுக்கு வந்தபோதுதான் இவர் அதைப் பார்த்தார். முன்பு தூண் முழு நீளத்துக்கும் வளைந்து கொடுத்திருக்கும். இப்போது சுவர் அதன் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. மேலே மிச்சமுள்ள குட்டைத் துண்டுதான் மொத்த ஆட்டத்தையும் தாங்க வேண்டும். நீளக் குச்சி வளையும், கட்டைக் குச்சி முறியும்.

“நீ சொன்னேன்னுதானே கட்டினேன்?” என்றார் அண்ணன்.

“சுவர் கட்டுங்கன்னு நான் சொல்லலையே அண்ணா.”

“உங்க அண்ணி, ‘வீட்டுல உப்பு இல்ல’ன்னு சொன்னா வாங்கிட்டு வாங்கன்னுதான் அர்த்தம். அதுல உட்கார்ந்து ஆராய்ச்சியா பண்ணுவேன்?”

பிறகு அண்ணனே நியாயமான ஒரு வழி சொன்னார். சுவரை இடித்துவிடுகிறோம், அடுத்த வாரம் வந்து பார், மஞ்சள் கொடு. இடித்துவிட்டால் மஞ்சளுக்கு உரிய கட்டிடம்தான் அது. போன மாதம் ஓர் அச்சகக்காரருக்கு இவரே அப்படித் தவணை கொடுத்திருந்தார். அண்ணிக்கு அது தெரியும். முன்னறையில் மூன்று மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அதே கட்டிடத்துப் பெண்கள். சிவப்பு ஒட்டினால் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்.

“அந்த பிரஸ்காரர் உனக்கு என்ன மாமனா, மச்சானா? அவருக்கு டைம் குடுப்ப, எங்களுக்குக் குடுக்க மாட்டியா?”

மேலதிகாரியும் போனில், தவணை கொடுப்பதில் தப்பில்லை, சங்கடமாக இருந்தால் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். நானே பார்த்துக்கொள்கிறேன் சார் என்று வைத்துவிட்டு, இவர் சிவப்புத் தாளை ஒட்டினார்.

எல்லாரும் காலி செய்தார்கள். சுவரைத் தூணிலிருந்து பிரித்து, தூண்களைப் பருமனாக்கிக் கட்டி முடிக்க மாதங்கள் ஆயின. அதுவரை நிலம் அசையவே இல்லை. ஆகவே இவர் செய்தது சரி என்று அடித்துச் சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. திரும்பி வந்த பெண்களில் பாதிப் பேர் வேறு தையற்காரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஒரு மெஷினை விற்றாள். இவர் சிவப்பு ஒட்டியது தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று சிலர் சொன்னார்கள். பாசம் என்றார்கள் சிலர். தன் வாயால் வந்த வினைக்குத் தண்டனையை அண்ணன் தலையில் கட்டிவிட்டாள் என்பது அண்ணியின் கட்சி.

சிவப்பு ஒட்டிய மறுநாள் இவர் அடுத்த தெருவுக்குப் போனார். அங்கேயும் ஒரு நாலு மாடி, அதே மண், அண்ணனைப் பார்த்து அவர்களும் எழுப்பிய அரைச்சுவர். வீட்டுக்காரர் ஒரு வாரம் தவணை கேட்டார். இவர் கொடுத்தார்.