எங்கள் தரவை

திருகோணமலையில் மின்சாரச் சட்டம் தெரிந்த சட்டத்தரணிகள் மிகச் சிலர். அவர்களில் நானும் ஒருவன் என்ற மமதை எனக்கு இருந்தது. நிலக்கரி வேண்டாம், சூரிய மின்சாரம் வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டமாகப் போய்க் கத்தியவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு சூரிய மின் திட்டத்தை எதிர்த்தே மனு எழுத உட்கார்ந்தபோது நீதிமன்ற வாசலில் எல்லோரும் சிரித்தார்கள்.

மனுக்காரி குறிஞ்சாக்கேணியில் எருமை வளர்த்துத் தயிர் விற்பவர். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்வதுபோல ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய எருமைகள் மேயும் பொதுப் புல்வெளியை ஒரு கம்பனி சோலார் போடக் கேட்டிருந்தது. அந்த மாதிரிப் புல்வெளியை எங்கள் பக்கத்தில் தரவை என்போம்.

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் படிவத்தில், ஆட்சேபனையை ஒரே வரியில் எழுத ஒரு கட்டம் இருந்தது. மண்வாசனையோடு இருக்கட்டும் என்று ராத்தாவின் வார்த்தையையே எழுதினேன்: “எங்கள் தரவை எடுக்க வேண்டாம்.” எருமை, புல், தண்ணீர் எல்லாவற்றையும் பின்னிணைப்பில் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தேன். கொழும்பில் அந்தக் கட்டத்தை மட்டும்தான் மொழிபெயர்த்தார்கள்.

முடிவு ஆங்கிலத்தில் வந்தது. மனுதாரரின் தரவுகள் எவருக்கும் கொடுக்கப்படமாட்டா, ஆகவே ஆட்சேபனை தீர்ந்தது, திட்டத்துக்கு அனுமதி. தரவையைத் தகவலாக்கிவிட்டார்கள்! மொழிபெயர்த்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ‘மேய்ச்சல் தரை’ என்று எழுதாமல் விட்ட புத்திசாலி நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. மீளாய்வு கேட்டுப் பார்த்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மேய்ச்சல் என்பது புதிய காரணமாம், இனி ஏற்க முடியாதாம்.

ராத்தாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கதிரை நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அவங்க என்னத்த எடுக்க மாட்டாங்களாம், சேர்?”

“உங்கட பேர், விலாசம், ஐடென்டி நம்பர்.”

“அதுல மாடு மேயுமா?”

எனக்கு அவமானமாக இருந்தது. வரும்போதெல்லாம் கொண்டுவருவதுபோல அன்றும் ஒரு சட்டித் தயிரை மேசையில் வைத்தார். வேண்டாம் என்றேன்.

“வெச்சிக்கங்க சேர். அவங்க வேலி போட்டதுமே மாடெல்லாம் வித்தாச்சு. இதுதான் கடைசிச் சட்டி.”

வீட்டில் சீனி போட்டு அதையும் நான்தான் சாப்பிட்டேன்.