தண்ணீரில் கண்டம்

திருமழபாடியில் கொள்ளிடக் கரைமேல் பிறந்தவளுக்குத் தண்ணீரில் கண்டம் என்று யாராவது சொன்னால் அந்த ஊர் நாய் கூடச் சிரிக்கும். சிந்தாமணி பாவாடை கட்டிய வயதிலேயே ஆற்றைக் குறுக்கே நீந்தி, அக்கரை மணலில் போட்டிருக்கும் வெள்ளரிப் பிஞ்சைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு, அதே ஆற்றில் திரும்பி வந்தவள். தோட்டக்காரன் கரையில் நின்று வைவான். நட்டாற்றில் மிதந்தபடியே ஒரு பிஞ்சைக் கடித்துக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ரஞ்சன்குடிப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை வைரக்கண்ணுவுக்குச் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளைகிற காடு உண்டு, பாறையில் வெட்டிய பெரிய கிணறு உண்டு. அந்தக் கிணற்றில் அவனுக்கு நீந்தத் தெரியாது என்பதை மட்டும் பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லவில்லை.

கல்யாணமான வருடமே அது நடந்தது. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று வைரக்கண்ணு கிணற்றுக்குள் இறங்கினான். பாசிப் படியில் கால் வழுக்கியது. மேலே கஞ்சித்தூக்கோடு நின்ற சிந்தாமணி தூக்கைப் போட்டாள், சேலையைத் தார் பாய்ச்சினாள், குதித்தாள். முழுகுகிறவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான் என்று ஆற்றங்கரைப் பிள்ளைக்குத் தெரியாதா? முன்னால் போகாமல் பின்பக்கமாகப் போய், முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் படியில் போட்டாள். பார்த்தது மாமியார் செல்வம்மாள் ஒருத்திதான்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக் காட்டு ஆட்கள் ஓடி வந்தபோது புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். செல்வம்மாள் முந்திக்கொண்டாள். மருமகள் தவறி விழுந்துவிட்டாள், பெற்ற பிள்ளை உயிரைக் கொடுத்துத் தூக்கினான் என்று சொல்லி, கிணற்று மேட்டில் இருக்கும் கன்னிமார் ஏழு கல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆடிப் பதினெட்டு தவறாமல் படையல் போடுகிறேன் தாயே என்று அந்த இடத்திலேயே வேண்டியும் கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் மருமகள் கையைப் பிடித்தாள். "வெளிய தெரிஞ்சா ஆம்பளைங்க அவன கேலி பண்ணியே கொன்னுடுவாங்க. எம் புள்ள நாண்டுக்கிட்டு நிப்பான். வாயத் தொறக்காத தாயி."

புது மருமகள், சரி என்று சொல்லிவிட்டாள். நாலு மாதத்தில் ஊர் மறந்துவிடும் என்று நினைத்தாள். மறக்க விட்டால்தானே? ஆடிப் பதினெட்டு வந்தது. கன்னிமாருக்குப் பொங்கல் வைத்தார்கள். பொங்கல் வைத்தது சிந்தாமணி. பிறகு உயிர் கொடுத்த புருஷன் காலில் விழச் சொன்னார்கள். விழுந்தாள். அவன் திருநீறு பூசிவிட்டான். வருடா வருடம் இதுதான். தான் இழுத்துப் போட்டவன் காலில் தானே விழுந்து எழுந்திருக்க வேண்டும்.

இவள் விழ விழ அவன் கதை வளர்ந்தது. முதல் வருடம் சும்மா குதித்தான். அடுத்த வருடம் கைக்கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தான். மகள் சண்முகப்பிரியா பிறந்த வருடம் கிணற்றுக்குள் ஒரு பாம்பு வந்தது. பாம்பை ஒரு கையால் விலக்கிவிட்டு மறு கையால் பெண்டாட்டியைத் தூக்கினான். ஜோசியர் ஒருவரைப் பிடித்து, இவளுக்குத் தண்ணீரில் கண்டம் என்றும் சொல்ல வைத்தான். அதற்குப் பிறகு தாய்வீட்டுக்குப் போனாலும் ஆற்றில் கால் நனைக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. மகளுக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்க விடவில்லை.

செல்வம்மாள் போய்ச் சேர்ந்தபின் ஒரு நாள் சிந்தாமணி நேராகவே கேட்டாள். அத்தைக்குக் கொடுத்த வாக்கு அத்தையோடு போயிற்று, இனியாவது உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள். வைரக்கண்ணு சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமல் கேட்டான்.

"இத்தன வருஷத்துக்கு அப்பறம் நீ சொன்னா யாரு நம்புவா?"

அந்த ஒரு வாய்ச் சொல்லை அவள் முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டாள்.

தையில் மகளை அரியலூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை அசோக் நல்ல பையன். தலை ஆடிக்கு மகளைத் தாய்வீட்டில் விட வந்தவன், சிநேகிதர்களோடு ராமேஸ்வரம் போன படத்தைப் போனில் காட்டினான். முகத்தில் கண்ணாடி, வாயில் ஒரு குழாய், கவிழ்ந்து மிதந்தபடி கடலுக்குள்ளே பார்க்கிறார்கள். பவளப்பாறை, வரி வரியாக மீன். சிந்தாமணி அந்தப் போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இந்த இடத்துக்கு எப்படிப் போக வேண்டும் தம்பி என்று கேட்டாள்.

வைரக்கண்ணு சிரித்தான். "பக்கெட்டுல மொகம் கழுவுனாலே நான் பக்கத்துல நிக்கணும். இவளாவது, கடலாவது." பிறகு பாம்புக் கதையை மாப்பிள்ளைக்கு முதலில் இருந்து சொன்னான்.

எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் சிந்தாமணிக்குள் போய்த் தைத்தது. புருஷன் பொய் சொன்னான் என்றால் அது அவன் குணம். பெற்ற மகள் அம்மாவை அப்படியே நம்பி வளர்ந்திருக்கிறாள், தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற பொம்பளை என்று. இது இப்படியே சுடுகாடு வரைக்கும் போகும். பேரன் பேத்திக்கும் போகும். இதற்கு ஒரு வழி பண்ணாமல் கண்ணை மூடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

அசோக் விளையாட்டாக வழி சொன்னான். பெரம்பலூர் போய் திருச்சி, திருச்சியில் ராமேஸ்வரம் பஸ், இறங்கி ஓலைக்குடாவுக்கு ஷேர் ஆட்டோ. அவள் விளையாட்டாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

பதினெட்டுக்கு முதல் நாள் சாயங்காலம், திருமழபாடிக்குப் போய் சாமி கும்பிட்டுவிட்டுக் காலையில் வந்துவிடுகிறேன் என்றாள். சம்பந்தி வீட்டார் அரியலூரில் இருந்து வருகிற நாளில் இது தேவையா என்று வைரக்கண்ணு முறைத்தான். கொள்ளிடத்தில் கால் வைக்கக் கூடாது என்றான். சத்தியமாகக் கொள்ளிடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று தலையில் அடித்துச் சொன்னாள். பையில் மகளுடைய பழைய சுடிதார் ஒன்று இருந்தது.

டவுன் பஸ்ஸில் பெரம்பலூர் வந்தாள். பொம்பளைக்குக் காசு இல்லாத பஸ். மேற்செலவுக்கு அவளே சேர்த்த சிறுவாட்டுக் காசு. அவன் காசில் ஒரு ரூபாய் கூட இதில் சேரவில்லை என்பதில் அவளுக்கு ஒரு தனி ருசி. திருச்சியில் ராமேஸ்வரம் போகிற ராத்திரி பஸ்ஸைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்து ஜன்னல் ஓரம் பிடித்தாள். தனியாக இவ்வளவு தூரம் அவள் போனதே கிடையாது. பயம் வராமலா? புதுக்கோட்டை தாண்டியதும் ஊருக்கு ஊர் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். அப்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து மென்றாள். யாரு நம்புவா? மெல்ல மெல்லப் பயம் அடங்கிவிடும். விடிகிற நேரம் பாம்பன் பாலத்தின் மேல் பஸ் போனது. இரண்டு பக்கமும் கடல். இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது ஒரு கிணற்றை வைத்துக்கொண்டா என்னை அடக்கினான் என்று நினைத்தாள்.

ராமேஸ்வரத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தனியாக வந்த பொம்பளை, ஆடி மாதம். ஒருவன் பரிவாகக் கேட்டான், "தீர்த்தமாம்மா, திதியா? வீட்டுக்காரருக்கா?"

"அவரு நல்லா உக்காந்து திங்கிறாருப்பா. அவருக்கு வேற ஒண்ணு செய்ய வந்துருக்கேன்," என்றாள் சிந்தாமணி.

ஓலைக்குடாக் கரையில் லூர்து என்கிற பெண் இருந்தாள். கடலுக்குள் முழுகிப் பாசி எடுக்கிறவள். மற்ற நேரத்தில் வெளியூர்க்காரர்களைக் கண்ணாடி மாட்டி அழைத்துப்போவாள். ஆடிக் காற்றில் தென்கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, இந்த வடகடல் ஏரி மாதிரிக் கிடந்தது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று லூர்து கேட்டாள். யாரும் இல்லை என்றதும் தயங்கினாள். சட்டை மாதிரி ஒரு மிதவையை மாட்டிவிட்டு, இடுப்புத் தண்ணீரில் நிறுத்திப் பழக்கினாள். சிந்தாமணி மூக்கால் மூச்சிழுத்து, உப்புத் தண்ணீரைக் குடித்து, இருமித் தள்ளினாள். ஆற்றுக்காரிக்கு இந்தக் குழாய் பிடிபடவில்லை. பிடிபட்டதும், அந்த மிதவைதான் இடைஞ்சல் என்றாள். முழுக விடமாட்டேன் என்கிறது. கழற்றட்டுமா?

"கழட்டக் கூடாதுக்கா. நீச்ச தெரியும்னு வர்றவங்கதான் எங்களுக்கு வெனையே."

சிந்தாமணி மிதவையோடு அங்கே இருந்த படகு வரைக்கும் ஒரே வீச்சில் போய், தொட்டுவிட்டு, மல்லாந்து மிதந்தபடி திரும்பி வந்தாள். கை வீசுவதைப் பார்த்த லூர்து எந்த ஊர் என்று கேட்டாள். பிறகு தானே வாரை அவிழ்த்துவிட்டு, சிந்தாமணியின் போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள்.

மூச்சைக் கட்டிக்கொண்டு சிந்தாமணி கீழே போனாள். இத்தனை வருடமாக உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை. கீழே பவளப்பாறை காலிஃபிளவர் மாதிரி பூத்துக் கிடந்தது. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள் அவளை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் மேய்ந்தன. பாறை இடுக்கில் கடல் அட்டை ஒன்று படுத்திருந்தது. கை நீட்டிப் பாறையைச் சுற்றி ஒரு வளையம் போனாள். கொள்ளிடம் ஆளை இழுக்கும், இந்தத் தண்ணீர் தாங்கியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அழகு பார்க்க வந்தவள் இல்லை அவள். நன்றாக எடு, என் முகம் தெரிய எடு என்று மேலே வந்து லூர்துவிடம் சொல்லிவிட்டு மறுபடியும் போனாள்.

கன்னிமாருக்கு உச்சிக்கு முன்னால் படையல். அந்த நேரம் பார்த்து, எல்லாரும் கிணற்று மேட்டில் கூடியிருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி, படத்தைக் குடும்ப வாட்சப்பில் போடச் சொன்னாள். தன் குரலிலும் ஒன்று அனுப்பினாள். ராமேஸ்வரம் கடலில் இருக்கிறேன், தண்ணீரில் கண்டம் உள்ளவள் எப்படி நீந்துகிறாள் என்று பார்த்துவிட்டுப் படையலைப் போடுங்கள் என்று.

கரையில் தலையைத் துவட்டிக்கொண்டு இருந்தபோது மகள் கூப்பிட்டாள். மூச்சு வாங்கப் பேசினாள். முதலில் யாரோ என்று நினைத்தார்களாம், மூக்குத்தியைப் பார்த்ததும் சத்தம் போட்டார்களாம். அப்பாவிடம் கேட்டதற்கு, கிணற்றில் நான்தான் ரகசியமாகக் கற்றுக்கொடுத்தேன் என்றாராம். மாமனார் சிங்காரவேலு விளையாட்டுக்காரர். அப்படியானால் குருவே ஒரு குதி குதித்துக் காட்டட்டும், சம்பந்தி, அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கும் என்று பிடித்துக்கொண்டாராம். எல்லாரும் கைதட்டுகிறார்களாம்.

"அம்மா, அப்பா சட்டையக் கழட்டிட்டாரு. மோட்டார் மேடையில ஏறி நிக்கிறாரு."

புருஷனைச் சிந்தாமணிக்குத் தெரியும். இத்தனை பேர் முன்னால், சம்பந்தி முன்னால், முடியாது என்று சொல்லமாட்டான். குதிப்பான். கிணற்றில் இரண்டு ஆள் மட்டம் தண்ணீர் இருக்கிறது. மாப்பிள்ளை மிதவை போட்டு மிதந்தவன். சம்பந்தி தொந்திக்காரர். குதிக்கட்டுமே என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனம் சொன்னதை அவள் முழுசாகக் கேட்டாள். அவன் வாயில் தண்ணீர் ஏறுவதை, அந்தப் பாம்பையும் கடிகாரத்தையும் தேடிக் கை அலைவதை ஒரு தரம் கண்ணை மூடிப் பார்த்தும் கொண்டாள். இனித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு, ஸ்பீக்கரில் போடு என்றாள்.

"ஏங்க. குதிக்காதீங்க. முடியைப் புடிச்சித் தூக்க இந்தத் தடவ நான் அங்க இல்ல."

அந்தப் பக்கம் கைதட்டு நின்றது. பிறகு வைரக்கண்ணுவின் குரல், போனை அணை என்று மகளை அதட்டியது. மகள் அணைக்கவில்லை.

"மேடைய விட்டு எறங்கிட்டீங்களா?"

"ம்."

"அப்ப சொல்லுங்க. நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க சொல்லுங்க."

காத்திருந்தாள். அவசரமே இல்லை. லூர்து டீ கொண்டுவந்து வைத்தாள். டீயில் ஆடை படிந்தது.

"அவதான் தூக்குனா," என்றான் வைரக்கண்ணு.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"அவதான் என்னயத் தூக்குனா. போதுமா?"

போதாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மகள் அழுவது கேட்டது. அழாமல் போய்ப் பொங்கலைப் பரிமாறு, ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அன்றைக்கே ஊர் திரும்பவில்லை. இன்னொரு நாள் இருந்து, இன்னொரு தரம் முழுகிவிட்டு, பஸ் மாறி பஸ் ஏறி, பெரம்பலூரில் மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

வைரக்கண்ணு ஆவணி முடிகிற வரைக்கும் அவளோடு பேசவில்லை. அவள் வேளாவேளைக்குச் சோறு போட்டாள். ஆனால் விருந்தாளி யாராவது வந்தால் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, "அந்தக் கெணத்துக் கதையச் சொல்லுங்களேன்," என்பாள், ரொம்ப மரியாதையாக. அவன் சொல்ல வேண்டும். வழுக்கியதில் இருந்து, முழுகியதில் இருந்து, முடியைப் பிடித்தது வரைக்கும். ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் சிந்தாமணி அடுப்படியில் இருந்தே எடுத்துக் கொடுப்பாள்.