ஏரிச் சேறு எடுக்கப் போன நாள்

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால், தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுகிறவன் நான். டோர்வல் விமான நிலையத்தில் பதினெட்டு வருடமாகப் பெட்டி ஏற்றுகிறேன், ஆளரவமில்லாத நேரத்தில் எத்தனையோ தரம் தனியே நின்றிருக்கிறேன், ஒன்றையும் கண்டதில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன். ஆனால் நடந்தது பட்டப்பகலில், பனியும் வெயிலும் கண்ணைக் கூசவைத்த ஒரு மார்ச் மாதத்து மதியம்.

என் மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். வடக்கே இருக்கிற ஏரிகளின் அடிச்சேற்றில் எவ்வளவு காபன் சேர்ந்து கிடக்கிறது என்பதுதான் அவளுடைய படிப்பு. என் மனைவி சாந்தி புற்றுநோயில் போய் இரண்டு வருடம். அதற்குப் பிறகு அஹுன்ட்சிக் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோமே தவிர, கதைத்தது குறைவு. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் ஒரு சொல் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்துவாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் எதிலும் பிடிப்பில்லை, வேலைக்குப் போவதும் வருவதும்தான்.

அந்தக் கிழமை அவளோடு போகவேண்டிய சிநேகிதிக்குக் காய்ச்சல். உறைந்த ஏரிக்கு மேல் தனியாகப் போக விடமாட்டார்களாம். "அப்பா, நீங்கள் வாறீங்களோ?" என்றாள். தமிழில் கேட்டாளே, அதற்காகவே லீவு போட்டேன்.

ஆறு மணித்தியாலம் காரில் வடக்கே ஓடினோம். ஏரியின் நடுவில் மெஷினால் பனிக்கட்டியைத் துளைத்து, அதற்குள்ளால் நீளமான குழாய் ஒன்றை இறக்கி, அடியில் குத்தி, இரண்டு பேருமாக இழுத்தெடுத்தோம். குழாய் நிறையக் கறுத்த சேறு.

"இதுக்கோ இவ்வளவு பாடு?"

"இலை, பூந்தூள், செத்த மீன் எல்லாம் கீழ போய்ப் படியும் அப்பா. அங்க குளிர், காத்தும் இல்லை. அதாலை லேசில உக்காது. அந்தக் காபன் ஆகாயத்துக்குப் போகாமல் ஆயிரக்கணக்கான வருசம் அங்கையே கிடக்கும்."

"எவ்வளவு கிடக்கெண்டு எப்பிடித் தெரியும்?"

"காயவைச்சு எரிப்பம். எரிக்க முந்தியும் பிந்தியும் நிறுத்துப் பாப்பம்."

எரிப்பம் என்றதும் அவளே தலையைக் குனிந்துகொண்டாள். சாந்தியைத் தகனம் செய்த அன்று பொத்தானை அமத்தியது நான்தான், ஆரணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

குழாயைக் கட்டிவைக்க அவள், நாங்கள் சாமான் இழுத்துவந்த சறுக்குவண்டிப் பக்கம் போனாள். நான் துளையடியில் நின்றேன். அப்போதுதான் கேட்டது.

"இஞ்சாருங்கோ."

காற்று என்று சொல்வீர்கள். இருபத்தாறு வருடம் பெயர் சொல்லாமல் அந்த ஒரு சொல்லால் என்னைக் கூப்பிட்டவளின் குரல் எனக்குத் தெரியாதா? குசினிக்குள் அடுப்படியில் நின்று கூப்பிடுகிற அதே இழுவை, கடைசியில் கொஞ்சம் அவசரம். துளைக்குள்ளிருந்துதான் வந்தது. சத்தியமாகப் பயம் வரவில்லை, வேலையால் வந்து வீட்டுக்கதவைத் திறந்த மாதிரித்தான் இருந்தது. முழங்காலை ஊன்றி அந்தக் கறுத்த தண்ணீரைக் குனிந்து பார்த்தது ஞாபகம். அடுத்த ஞாபகம், ஆரணி என் ஜாக்கெட்டைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறாள்.

"அப்பா! என்ன செய்யிறீங்கள்?"

"அம்மா கூப்பிட்டவ."

சிரிப்பாள் என்று நினைத்தேன். "ஐஸ் சத்தம் போடும் அப்பா" என்றாள், ஆனால் பிடித்த பிடியை விடவில்லை. கார் வரைக்கும் விடவில்லை. திரும்பி வருகிற வழி முழுக்க அம்மாவைப் பற்றியே கேட்டாள், முதன்முதலில் எங்கே கண்டீர்கள், ஏன் அம்மா உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்றெல்லாம். காரை அவள் ஓட்ட, நான் அழுதழுது சொல்லிக்கொண்டு வந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நானும் பனிக்கட்டியின் சத்தம் என்றே மனதைத் தேற்றியிருப்பேன்.

பத்து நாள் கழித்து ஆரணி ஃபோனைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். குளிரில் எழுதக் கை விறைக்கும் என்று ஏரியில் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்வாளாம். அன்று நிறுத்த மறந்து, துளையோரம் வாளிக்கு மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆழம், நேரம் எல்லாம் சொல்கிறாள், காலடி தூரப் போகிறது, பிறகு வெறும் காற்று. சாந்தியின் குரல் அதில் இல்லை, எத்தனை தரம் போட்டுக் கேட்டும் இல்லை. இருப்பது என் குரல். வீட்டில் கதைக்கிற மாதிரி, சர்வசாதாரணமாக.

"பிள்ளை தனிய நிக்கிறாள். நீர் போம். நான் பேந்து வாறன்."

பிறகு வருகிறேன் என்று நான் அவளுக்குச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. சாந்தி என்னிடம் என்ன கேட்டாள் என்பதும் தெரியாது.

ஆரணி ஃபோனை நிறுத்தினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, பேந்தெண்டா எப்ப?"