மலைக்குப் போன குத்துவிளக்கு

போன ஞாயிறு பின்னேரம் என்ரை மகள் கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயது, பேங்கில் வேலை. கண்டியில் கூட்டாளியின் புதுவீடு குடிபூரல் என்று சொல்லிப் போனவள்.

"அங்கை படியில வழுக்கிட்டுது அம்மா."

நான் ஆறுதலாக அவளுடைய பையைத் திறந்தேன். நனைந்த சப்பாத்து... செத்த அட்டைப்பூச்சி ஒன்று... அடியில், குடிபூரலுக்கென்று நான் காலி வீதிக் கடைகளில் பார்த்துப் பார்த்து வாங்கிக் குடுத்த குத்துவிளக்குச் சோடி. பெட்டிகூடப் பிரிக்கவில்லை — முழுக்கச் சேறு.

"எந்த வீட்டுப் படியடி இது?"

நிலத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். ஒரு குறூப்பாக நக்கிள்ஸ் பக்கம் மலை ஏறப் போனவையாம். பஸ்ஸில் போனபடியால் விளக்கை வைக்க இடமில்லை, முதுகிலேயே சுமந்திருக்கிறாள். மழை பிடித்துவிட்டது. பாறையில் கால் வழுக்க, பாரம் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. ஒரு வேரைப் பிடித்துத் தொங்கித் தப்பினாளாம்.

"கீழை எவ்வளவு பள்ளம்?"

"பார்க்கேல்லை அம்மா."

"ஏன் பொய் சொன்னனீ?"

"சொன்னா விட்டிருப்பீங்களோ?"

"விட்டிருக்க மாட்டன்."

"அதுதான்."

நீங்களே யோசித்துப் பாருங்கோ. மழை, வழுக்கல் பாறை, விளிம்பில் நின்று செல்ஃபி — மலையில் சாவு வர வழி கனக்க. ஆனால் இவள் விழுந்திருந்தால்? நான் பொலிசைக் கண்டிக்கல்லோ அனுப்பியிருப்பேன்... குடிபூரல் வீட்டைத் தேடச் சொல்லி! நாங்கள் மறிக்கிறோம், பிள்ளைகள் நிற்பதில்லை. களவாய்ப் போகுதுகள். ஆர் எந்த மலையில் தேடுறது?

கை சுகமானதும் திரும்பவும் போவாளாம். இரண்டு நாள் யோசித்தேன். பயம் குறையவில்லை. குறையப் போவதுமில்லை. எண்டாலும் முடிவெடுத்துவிட்டேன்.

"போ. ஆனால் எந்த மலை, ஆரோடை, எப்ப இறக்கம் — எனக்குச் சொல்லிப்போட்டுப் போ. வானம் இருண்டால் பாதியில திரும்பு. இதுக்குச் சம்மதமில்லையெண்டால் வாசலில குறுக்கே படுப்பன்."

"பாதியில திரும்பினா கூட வாறவை பகிடி பண்ணுவினம் அம்மா."

"பண்ணட்டும். பகிடியால ஆரும் செத்ததாய் நான் கேள்விப்படேல்லை."