இராசமலர் காகம் கூப்பிட்ட நாள்

எங்கள் ஊர் அளவெட்டியில் தையல்காரி இராசமலரைத் தெரியாதவர் இல்லை. சட்டை தைப்பதில் கெட்டிக்காரி, வாயிலும் குறைந்தவள் இல்லை. என் அண்ணன் ஜெயரூபன் அவளைக் கட்டி அவள் வீட்டுக்குப் போன நாள் முதல் அவள் யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை, காகத்தைத் தவிர.

சிரிக்காதீர்கள். காகம் ஒன்று மதிலில் வந்து குந்தினால் போதும், அவளுக்கு மூச்சு முட்டும், கை விறைக்கும், கையில் இருப்பது கத்தரிக்கோலோ கறிச்சட்டியோ அப்படியே கீழே விழும். சின்ன வயதில், கூட்டில் குஞ்சு வைத்திருந்த காகம் ஒன்று தலையில் கொத்தியதாம். அன்றிலிருந்து குடையில்லாமல் வாசல் படலையைத் தாண்டமாட்டாள்.

அவளுடைய தகப்பன் தம்பிஐயா மகள் மேல் உயிரையே வைத்திருந்தவர். அதைக் காட்டிய விதம்தான் வேடிக்கை. முற்றத்தில் கதிரையைப் போட்டு, கையில் கெற்றப்போல் என்கிற கவணோடு இருந்து, வருகிற காகத்தையெல்லாம் கல்லால் அடித்துக் கலைப்பார். விரத நாட்களில் காகத்துக்கு வைக்கும் சோற்றைக்கூட எங்கள் வளவில் வந்துதான் வைத்துவிட்டுப் போவார்.

சென்ற ஆண்டு அவர் காலமானார். இராசமலர் ஒரே பிள்ளை. வருஷம் திரும்பி வந்த ஆட்டைத் திவசத்தில் காகத்துக்குத் தன் கையால்தான் சோறு வைப்பேன் என்று நின்றாள். காகம் எடுத்தால்தானே போனவர் சாப்பிட்டார் என்று மனம் ஆறும், மற்றவர்களும் பந்தியில் உட்காரலாம்.

"நான் வைக்காமல் ஆர் வைக்கிறது மச்சாள்? ஆனால் என்னாலை ஏலுமோ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. அடுத்த கிழமையே யாழ்ப்பாணத்தில் ஒரு மனநலக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே தக்சாயினி என்றொரு இளம் டொக்டர். குளிசை தருவார் என்று பார்த்தால், காகத்தின் படம் ஒன்றை அல்லவா நீட்டினார்!

"பயம் பத்துக்கு எத்தனை அக்கா?"

"பதினொண்டு" என்றாள் இவள்.

"சரி, குறையுமட்டும் பாத்துக்கொண்டு இருங்கோ. ஓடினால் பயம் அப்பிடியே இருக்கும். நிண்டால் கொஞ்ச நேரத்திலை தானாக் குறையும்."

படத்துக்குப் பிறகு கைபேசியில் கத்துகிற காகம். அதற்குப் பிறகு மேசையில் ஒரு இறகு. அதைத் தொட்ட அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அவளுக்கு வாய் ஓயவில்லை. கடைசியில் சுன்னாகம் சந்தையின் மீன் பக்கம், காகம் மொய்க்கிற இடம். குடை கூடாது, நான் கலைத்துவிடவும் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அவள் வியர்த்துக் கொட்டக் கொட்ட அப்படியே நின்றாள். பிறகு திடீரென்று, "மச்சாள், உதுகள் என்னைப் பாக்கவே இல்லை! மீனைத்தான் பாக்குதுகள்!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

திவசத்தன்று படையல் முடிந்ததும் வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் வடையும் எடுத்துக்கொண்டு கிணற்றடி மதிலில் வைத்தாள். விலகாமல் நின்று "கா, கா" என்று கூப்பிட்டாள்.

ஒரு காகமும் வரவில்லை. வெயில் ஏறியது, பிள்ளைகள் பசியில் சிணுங்கினார்கள். "மனிசனுக்கு என்ன கோவமோ" என்று யாரோ முணுமுணுக்க, இராசமலரின் முகம் செத்துப்போயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோவமும் இல்லை, ஒண்டும் இல்லை! உயிரோடை இருக்கேக்கை இந்த வளவுக்கை ஒரு காகத்தைக் குந்த விட்டவரோ? அவ்வளவு கல்லெறி வாங்கினதுகள் இஞ்சை வருமோ? எல்லாம் ஒழுங்கை முடக்குப் புளியமரத்திலை நிக்குதுகள்!"

அண்ணன் கையை நீட்டினார். "இஞ்சை தாரும், நான் கொண்டுபோய் வைக்கிறன்."

"வேண்டாம். நான்தான் வைப்பன்."

இலையைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று படலையைத் தாண்டினாள். தெருமுனைப் புளியமரம் நிறையக் காகம்! இப்படி ஒரு பாடத்தை டொக்டர்கூடச் சொல்லித் தரவில்லை. நாங்கள் எல்லாரும் பின்னால் ஓடினோம். மரத்தடியில் இலையை உள்ளங்கையில் ஏந்தி, தொண்டை கிழியக் கூப்பிட்டாள். கிளையில் இருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி இறங்கின. சிறகு முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடவில்லை. ஒன்று வந்து மணிக்கட்டிலேயே குந்தி வடையைக் கொத்தியது. கை தாழவில்லை.

கண்ணீர் வழிய அந்தக் காகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ அப்பா. இனி உங்களை ஒருத்தரும் கலைக்க மாட்டினம்."